மிச்சம்பிடித்த வெறும் மணிகள்

சிக்கனமாக வாழ்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். நானும் அந்த இனத்தைச் சேர்ந்தவள்தான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஊதாரி செய்கிற நட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வீட்டில் ஏச்சு விழும், விஷயம் அதோடு முடிந்துவிடும். சிக்கனக்காரர் செய்கிற நட்டம் அலுமாரிக்குள் மூடி இறுக்கிப் பத்திரமாக இருக்கும். பிறகு ஒருநாள் அவரே அதைப் பெருமையோடு வெளியே எடுத்து, நாலு பேர் முன்னால் மேசையில் வைப்பார்.

நான் அப்படி வைத்தது ஒரு சின்னப் போத்தல். வைத்த இடம் கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். முன்னால் இருந்தவர்கள் ஆறு விஞ்ஞானிகள். அதற்கு முந்திய எட்டு மாதங்களாக நான் கோடானுகோடி டி.என்.ஏ. துணுக்குகளுக்கு நாள் தவறாமல், மிகுந்த பொறுப்போடு, பிழையான பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். (அவை நல்ல பிள்ளைகள். சொன்னதைச் சொன்னபடியே படித்தன. பிழை முழுக்க ரீச்சருடையது.)

யுத்த காலம். எனக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, தரைப்பாதை மூடிக் கிடந்ததால் கப்பலில் திருகோணமலைக்கும் அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கும் வந்து சேர்ந்தேன். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்த ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஓர் ஒழுங்கையில், நபீஸா தாத்தா வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்தேன். (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். ஐம்பது வயதுப் பெண்மணியைத் தாத்தா என்று கூப்பிட எனக்கு ஒரு மாதம் வாய் வரவில்லை. அந்த மாதம் முழுக்க அவரை இருமிக் கூப்பிட்டேன்.)

வெள்ளவத்தையில் தமிழுக்குப் பஞ்சமில்லை. காலி வீதியில் பத்து அடி நடந்தால் பத்துப் பேர் தமிழ் கதைப்பார்கள். ஆனால் எனக்கு அங்கே ஒரு சிநேகிதி கிடைக்கவில்லை. ஏனென்றால் அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கேயோ போவதற்காக வந்து காத்திருந்தவர்கள். கனடா, லண்டன், சுவிஸ். ஒழுங்கை முனைக் கடையில் பாண் வாங்கும்போது ஒருத்தியோடு சிரித்துப் பழகி, பெயர் கேட்கலாம் என்று நினைக்கிற கிழமையில் அவளுக்கு விசா வந்துவிடும். மூன்று பேரை இப்படி விமானம் ஏற்றிய பிறகு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதைக்கு அப்பால் கற்களில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பேன். சில ஞாயிறுகளில் காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்திருக்கிறேன். அது எனக்குத் திங்கட்கிழமை பஸ்ஸில் கொண்டக்டரிடம் இடத்தின் பெயரைச் சொல்லும்போது, தொண்டை கரகரக்கும்போதுதான் தெரியவரும்.

எல்லோரும் போகக் காத்திருந்த ஊரில் நான் ஒருத்தி இருப்பதற்குப் பாடுபட்டேன். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டும். பெயர், சொந்த ஊர், வந்த தேதி, தங்குவதற்கான காரணம். இந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத உருப்படியான காரணமும், அதற்கு ஒரு கடிதமும் இருக்க வேண்டும். என் கடிதத்தை என் பேராசிரியை எழுதித் தந்திருந்தார். அது ஒன்பது மாதத்துக்கு மட்டும் செல்லும். அதற்குள் வேலையில் ஒரு முடிவைக் காட்டினால் பதவி நீளும், கடிதமும் நீளும். காட்டாவிட்டால் மறுபடி பஸ், மறுபடி கப்பல். அம்மாவோ ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக ஒன்றையே எழுதிக்கொண்டிருந்தார்: "இஞ்சை வர நினையாதை பிள்ளை. அங்கையே இரு. நீ அங்கை இருக்கிறாய் எண்ட நினைப்பிலைதான் நான் நித்திரை கொள்ளுறன்."

மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பொலிசார் வீடு வீடாக வந்து பதிவைப் பார்ப்பார்கள். முதல்முறை வந்தவர் நடுத்தர வயதுச் சார்ஜன்ட். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என் கடிதத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் பஸ்ஸில் பொறுக்கியது. ஏறவும் இறங்கவும் மட்டும் போதும். புடையன் பாம்புக்குச் சிங்களத்தில் பொலங்கா என்று தெரியும், அதனால் "பொலங்கா, விஷ, மம" என்று, புடையன், விஷம், நான் என்ற மூன்று சொல்லையும் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். சார்ஜன்ட் ஓரடி பின்னால் போனார். பிறகு கொன்ஸ்டபிளை அழைத்து என் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடிக்கச் சொன்னார். நபீஸா தாத்தா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, "புள்ள, பாம்பு ஈக்கிண்டு என்கிட்ட செல்லவே இல்லியே" என்றார்.

பாம்பு இல்லை. பாம்பின் விஷம்கூட ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சிட்டிகை அளவுதான் இருந்தது. வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தால், கடித்தது எது என்று ஆஸ்பத்திரியில் உடனே தெரிய வேண்டும். புடையனின் விஷத்தை மட்டும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்கிற ஒரு டி.என்.ஏ. துணுக்குக் கிடைத்தால், அதை வைத்து ஒரு சோதனை உருவாக்கலாம். ஆனால் எந்தத் துணுக்கு அப்படிப் பிடிக்கும் என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அதனால் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை, வளர்த்து எடுக்கிறார்கள்.

எப்படியென்றால், விதம்விதமான கோடானுகோடித் துணுக்குகளை ஒரு குழாயில் எடுக்க வேண்டும். விஷத்தைச் சின்னச் சின்ன மணிகளில் பூசி வைத்திருப்போம். மணி என்றால் கோர்க்கிற மணியல்ல. போத்தலின் அடியில் ஊறிய அரிசிமா மாதிரிப் படிந்திருக்கும். அதன்மேல் துணுக்குகளை ஊற்றிக் கழுவினால் பிடிக்காதவை ஓடிப்போகும். பிடித்துக்கொண்டு நிற்கிற சிலதைச் சூடாக்கிக் கழற்றி, அவற்றைப் பல லட்சமாகப் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுக்கும்போது அங்கே இங்கே எழுத்துப் பிழைகள் வரும். அந்தப் பிழைகளில் ஒன்றிரண்டு முந்தியதைவிட நன்றாகப் பிடிக்கும். திரும்ப ஊற்று, இந்தமுறை இன்னும் பலமாகக் கழுவு. இப்படிப் பத்துச் சுற்று. இயற்கை யுகக்கணக்கில் ஆறுதலாகச் செய்கிற பரிணாமத்தை நாங்கள் ஒரு மேசையில், பிரம்பை வைத்துக்கொண்டு செய்தோம்.

பிரதி எடுக்க ஓர் இயந்திரம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே அது பழுதாகிவிட்டது. அதற்கான பாகம் சுங்கத்தில் அனுமதிக்குக் காத்திருந்தது. அதனால் நான்தான் இயந்திரம். மூன்று வெந்நீர்த் தொட்டிகள், மூன்று வெவ்வேறு சூடு. குழாய்களைச் சட்டத்தோடு தூக்கி முதல் தொட்டியில் ஒரு நிமிடம், இரண்டாவதில் ஒரு நிமிடம், மூன்றாவதில் ஒரு நிமிடம், மறுபடி முதல் தொட்டி. முப்பது தரம். நடுவில் தும்மக்கூடாது. மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நாட்களில் மின்சாரம் நிற்பதற்கு நேர அட்டவணையே இருந்தது.

ஒன்றரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்று குழாய்களைத் தூக்கித் தூக்கி வைக்கிறவளுக்கு என்ன ஆகும்? கதைக்கத் தொடங்குவாள். முதலில் மனதுக்குள், பிறகு சத்தமாக. சுற்றுகளுக்கு வகுப்புக் கணக்கு வைத்தேன். ஐந்தாம் சுற்றை "புலமைப்பரிசில் சோதனை எழுதுகிற வருஷம், விளையாட்டு வேண்டாம்" என்று மிரட்டினேன். ஒருநாள் பக்கத்து அறைப் பையன் கதவைத் திறந்து, யாரோடு கதைக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். பாட்டுப் பாடினேன் என்றேன். எனக்குப் பாட வராது என்பது அவனுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும். கொழும்பில் அப்போது என்னோடு அதிக நேரம் செலவழித்தவை அந்தக் குழாய்கள்தான். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

இனிச் சிக்கனத்துக்கு வருகிறேன். பேராசிரியையை எல்லோரும் மேடம் என்போம். மெலிந்த சிங்களப் பெண்மணி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். அவர் தொடக்கத்திலேயே எனக்கு ஒரு விதியைச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் துணுக்குகளை முதலில் விஷம் பூசாத வெறும் மணிகள்மேல் ஊற்ற வேண்டும். அதில் எவையாவது ஒட்டிக்கொண்டால் அவை விஷத்தைப் பிடிக்கிறவையல்ல, மணியையே பிடிக்கிறவை. அவற்றை மணிகளோடு சேர்த்து எறிந்துவிட்டு, வழிந்து வருகிறவற்றை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுக்க வேண்டும். இது எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக விளங்கியது. தலையாட்டினேன், குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து அந்த வெறும் மணிப் போத்தலைக் கையில் எடுத்தேன். என் சுண்டுவிரல் உயரம். இரசாயனப் பொருள் எது வந்தாலும் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டிய காலம். அந்தப் போத்தல் வந்து சேர எத்தனையோ மாதம் எடுத்ததாம். நானோ பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஒரு சவுக்காரக் கட்டியை நூலால் நாலாக அறுத்து, ஒரு துண்டை வெளியே வைத்துவிட்டு மூன்றை அம்மா ஒளித்துவைப்பார். வெளியே இருக்கிற துண்டும் வெள்ளிக்கிழமைக்குத்தான். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியும் வைத்துப் படித்தவள் நான். சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி, அந்த டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடு எங்களுடையது. அப்படிப்பட்டவளிடம், ஒன்றுமே பூசாத, ஒரு குறையும் இல்லாத புத்தம்புது மணிகளை ஒருதரம் பாவித்துவிட்டு எறி என்றால், கை எப்படி வரும்?

முதல் சுற்றில், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று போத்தலை வைத்துவிட்டேன். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மூன்றாம் சுற்றிலிருந்து அதை நினைத்து எனக்குப் பெருமை வரத் தொடங்கிவிட்டது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் இதற்குள் அரைப் போத்தலை நாசமாக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நெருக்கடி நேரத்தில் மேடம் தவிக்கும்போது எடுத்து நீட்டலாம் என்று கனவு கண்டேன். மேடம் பார்த்துச் சிரிப்பார் என்றும் கண்டேன். (அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கனவில்தானே.)

எட்டாம் சுற்றில் பிடிப்பு ஏறத் தொடங்கியது. ஒன்பதில் பாதிக்கு மேல். பத்தாம் சுற்றில், ஊற்றியதில் கிட்டத்தட்ட முழுவதும் மணியில் நின்றது. என்ன கழுவு கழுவினாலும் வரமாட்டேன் என்றது. அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்: "அம்மா, நான் வளர்த்ததுகள் புடையனின் விஷத்தைப் பிடிச்சுக்கொண்டு விடுகுதில்லை. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் காட்டப்போறன். இனி என்னை இங்கை இருந்து ஒருத்தரும் அனுப்ப ஏலாது."

வெள்ளிக்கிழமை சேலை கட்டிக்கொண்டு போனேன். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் பஸ் நெரிசலில் மடிப்பு முழுவதும் ஒரு பக்கமாகப் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மேடத்தோடு இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் வாயாடி, இரசாயனப் பகுதிப் பேராசிரியர். வழுக்கைத் தலை, பெரிய குரல். வரைபடத்தைக் காட்டினேன். கோடு மலை ஏறுகிற மாதிரி ஏறியிருந்தது. யாரோ மேசையில் தட்டினார்கள். மேடம் என் கடித விஷயத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொல்வது காதில் விழுந்தது. இனிக் கப்பல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"நன்று, நன்று" என்றார் வழுக்கைப் பேராசிரியர் ஆங்கிலத்தில். "இதைத் திரும்பச் செய்து பார்க்கப் பொருட்கள் மிச்சம் இருக்கிறதா?"

இதற்காகத்தானே நான் பிறந்தேன். குளிர்ப்பெட்டிக்குப் போய் அந்தப் போத்தலை எடுத்து, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை போத்தலிலுமாக நடந்துவந்து, மேசையின் நடுவில் வைத்தேன். "முழுவதும் மிச்சம் இருக்கிறது சேர்" என்றேன்.

மேடம் போத்தலைப் பார்த்தார். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது வெறும் மணி" என்றார்.

"ஓம் மேடம்."

"எவ்வளவு பாவித்தாய்?"

"ஒரு துளிகூட இல்லை மேடம். எல்லாவற்றையும் மிச்சம் பிடித்துவிட்டேன்."

இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பல் தெரிய, மனம் நிறையச் சிரித்தேன். மேடம் கண்ணை மூடித் திறந்தார். வழுக்கைப் பேராசிரியர்தான் பேசினார்.

"அப்படியானால் உன் துணுக்குகள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன?"

"விஷத்தை சேர்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி காதில் விழுந்து தலைக்குள் போய்ச் சேர ஐந்து விநாடி எடுத்தது. ஆறாவது விநாடியில் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. மேடம் போத்தலை என் பக்கம் தள்ளினார். "இப்போதே செய்து பார். நாங்கள் இருக்கிறோம்" என்றார்.

ஒரு குழாயில் விஷம் பூசிய மணி, மற்றதில் நான் கண்ணுக்குள் வைத்துக் காத்த வெறும் மணி. இரண்டிலும் பத்தாம் சுற்றுத் துணுக்குகளை ஒரே அளவு ஊற்றினேன். ஊறவிட்டுக் கழுவி, சூடாக்கிக் கழற்றி, ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவர்கள் அந்த நேரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிளேன் ரீ குடித்து, மீன் அடைத்த மாளு பாண் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள். அதை நான் தொடவில்லை. ஒவ்வொரு கழுவலிலும், வெறும் மணியிலிருந்து எல்லாம் கழன்று ஓடிவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். "இறங்குங்கோடா, இறங்குங்கோ." எட்டு மாதமாகப் பிடி பிடி என்று சொல்லிக் கொடுத்தவள் அன்றைக்கு விடு விடு என்று கெஞ்சினால் அதுகள் கேட்குமா?

ஜெல்லை இருட்டறைக்குக் கொண்டுபோய், ஊதா விளக்கைப் போட்டோம். டி.என்.ஏ. இருந்தால் அந்த வெளிச்சத்தில் செம்மஞ்சள் கோடாக மினுங்கும். ஆறு பேரும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். விஷ மணிக்கு ஒரு கோடு, பளிச்சென்று. வெறும் மணிக்கு ஒரு கோடு, அதைவிடப் பளிச்சென்று. மணியைப் பிடித்துப் பழகியவற்றுக்கு இவ்வளவு நாளும் விஷம்தான் இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

வழுக்கைப் பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாராட்டுகள். ஒன்றுமில்லாததை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிற டி.என்.ஏ.யை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நான் மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நபீஸா தாத்தா மருதானையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கப்பலை நினைத்து வந்த பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அழுதிருப்பேன், அழுதபின் நானே சிரித்தும் இருப்பேன், ஏனென்றால் அது அப்போதே எனக்குச் சிரிப்பாகத்தான் தெரிந்தது. சொல்ல ஓர் ஆள் இல்லை. இவ்வளவு நல்ல கதை ஒன்று கையில் இருந்து, கேட்க ஆளில்லாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடத் தனியாக நான் இருந்ததில்லை.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். வேலை போய்விட்டது என்ற நினைப்பில் வாசித்தேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "செல்வி வத்சலா தமது ஆராய்ச்சியில் பாரதூரமான ஒரு பிழையைச் செய்திருக்கிறார். அந்தப் பிழையைத் திருத்தக்கூடியவர் அவர் ஒருவரே. ஆகவே அவர் மேலும் பன்னிரண்டு மாதங்கள் கொழும்பில் தங்கியிருப்பது அவசியம்."

"முடிந்த வேலைக்கு ஆள் கேட்டால் தரமாட்டார்கள். கெட்டுப்போன வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்" என்றார் மேடம். "இனி ஏதாவது மிச்சம்பிடித்தாயென்றால் கப்பலுக்கு நானே கொண்டுவந்து ஏற்றிவிடுவேன்."

அடுத்த கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அந்தச் சார்ஜன்ட்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நபீஸா தாத்தாவுக்கும் கொன்ஸ்டபிளுக்கும் கீழ்வீட்டு வாடகைக்காரருக்கும் கேட்கும்படியாகக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். பிழை என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "மொன வெரத்தத?" என்றார். என்ன பிழையாம்.

இந்த ஒன்பது மாதத்தில் என் சிங்களம் கொஞ்சம் தேறியிருந்தது. விஷத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன், அவை விஷம் இருந்த மணியைப் பிடித்துவிட்டன என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். கள்ளனைப் பிடிக்க அனுப்பிய நாய் கள்ளனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி என்றும் சொன்னேன். சார்ஜன்ட் யோசித்தார். அப்படி ஒரு நாய் தங்கள் நிலையத்திலும் இருக்கிறது என்றார். பிறகு குனிந்து, தங்குவதற்கான காரணம் என்ற கட்டத்தில், பிழை திருத்துவதற்கு என்று நிறுத்தி நிதானமாக எழுதினார்.

"நல்ல காரணமொண்டு கெடச்சீக்கி புள்ள" என்றார் நபீஸா தாத்தா.

அதற்குப் பிறகு மாதாமாதம் அவர் வந்து, பதிவைப் பார்த்து, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்பார்: "ஹதாகத்தத?" திருத்தியாச்சா என்று. நான் "தவம நே" என்பேன். இன்னும் இல்லை. நாக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போவார். அந்தக் காலைத் தட்டலுக்கு எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பயந்தார்கள். பயப்படக் காரணம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனை ஒருமுறை ஏற்றிப்போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நானும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள்தான். ஆனாலும், அந்த நாள் வரும் என்று தெரிந்தால், தலை இழுத்துச் சீவி, பொட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கொழும்பில் என் வேலை எப்படிப் போகிறது என்று கேட்ட ஒரே மனிதர் அவர்.

அம்மாவின் பதிலும் கப்பல் ஏறி ஆறுதலாக வந்து சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் பெயரில் அர்ச்சனை செய்ததாகவும், பாம்புக்கடிக்கு மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதாகவும், வயல்காரர்கள் கேட்பதால் வருகிற யாரிடமாவது ஒரு போத்தல் கொடுத்துவிடும்படியும் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

முதலிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றிலும் வெறும் மணிகளை எடுத்துப் பாவித்து எறிந்தேன். ஒவ்வொருமுறையும் நெஞ்சில் சுருக்கென்றது. பழுதான இயந்திரமும் இடையில் சரியாகிவிட்டது. குழாய்களோடு கதைக்க வேண்டிய தேவையும் போய்விட்டது, அது கொஞ்சம் கவலையாக இருந்தது. பத்தாவது மாதத்தில் இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டேன். விஷ மணிக்கு ஒரு கோடு. வெறும் மணியின் பக்கம் சுத்தமான இருட்டு. நம்பாமல் இன்னும் இரண்டுதரம் செய்து பார்த்தேன். அதே கோடு, அதே இருட்டு. மேடம் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

சார்ஜன்டுக்குச் சொல்வதற்கு நல்ல சிங்களத்தில் ஒரு வசனம் தயாரித்துப் பாடமாக்கினேன். திருத்திவிட்டேன், விஷத்தைத்தான் பிடிக்கிறது, சட்டையை அல்ல. கதவு தட்டிய காலையில் படிகளில் ஓடி இறங்கினேன். வந்திருந்தவர் இளம் வயதுக்காரர். பதிவைப் புரட்டினார், அடையாள அட்டையைப் பார்த்தார், கையொப்பம் போட்டார். எதுவும் கேட்கவில்லை. அந்தச் சார்ஜன்ட் எங்கே என்று நான் கேட்டேன். மாற்றலாகிப் போய்விட்டாராம்; எங்கே என்று இவருக்குத் தெரியாதாம். நான் பாடமாக்கிய வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நபீஸா தாத்தாவிடம் தமிழில் சொன்னேன். "நல்லம் புள்ள" என்றுவிட்டு அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கப் போனார்.

பிற்பாடு எனக்குக் கல்யாணமானது. கணவர் கொட்டாஞ்சேனைக்காரர், தமிழும் சிங்களமும் அவருக்கு ஒரே ஓட்டத்தில் வரும். பெண் பார்க்க வந்த இரண்டாம் நாளே இந்தக் கதையை அவருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டேன். பிறகு மகள் பிறந்து அவளும் கற்றுக்கொண்டாள். நான் கறியில் இரண்டுதரம் உப்புப் போட்டால், சட்டைக்குக் கையை மாறித் தைத்தால், யாருக்கோ அனுப்ப வேண்டிய செய்தியைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினால், அப்பாவும் மகளும் இல்லாத கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். "ஹதாகத்தத?"

"தவம நே" என்பேன். பிழையைத் திருத்தி அரைமணி நேரம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். திருத்தியாச்சு என்று சொல்லிவிட்டால் திரும்ப வந்து கேட்கமாட்டார்கள்.